பச்சைப்பயறு தளபதி ஜொன் போங்ஜுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்கள் வழியாக 1894 தோங்ஹாக் விவசாயப் புரட்சிக்கு வந்து சேர்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒற்றை வரி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜொன் போங்ஜுன் நடத்திய போர்களைவிட, பிடிபட்ட பிறகு அவர் கொடுத்த வாக்குமூலம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1855-ல் பிறந்தவர். தென்மேற்குக் கொரியாவின் ஜொல்லா மாகாணத்துக்காரர், ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஏழை வாத்தியார். 1894-ல், கொரியாவை அப்போது ஆண்ட ஜோசன் அரசின் ஊழலை எதிர்த்து எழுந்த விவசாயிகளுக்குத் தலைவரானார், அதே ஆண்டுக் கடைசியில் பிடிபட்டார், 1895 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவர் தலைவராக இருந்த காலம் முழுசாக ஒரு வருஷம்கூடக் கிடையாது.

அதென்ன பச்சைப்பயறு?

ஆள் குள்ளம், கட்டை உருவம், உறுதியான உடம்பு. அதனால் ஊரில் ‘நோக்டு’, அதாவது பச்சைப்பயறு, என்று கூப்பிட்டார்கள். படை நடத்த ஆரம்பித்ததும் அது ‘நோக்டு ஜாங்குன்’, பச்சைப்பயறு தளபதி, ஆகிவிட்டது.

தோங்ஹாக் என்பது மதமா, கட்சியா?

மதம். ‘கிழக்கின் கல்வி’ என்று பொருள். கிறித்தவம் ‘மேற்கின் கல்வி’ என்ற பெயரில் பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1860-ல் கியோங்ஜுவைச் சேர்ந்த சோய் ஜேவூ இதைத் தொடங்கினார். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் வானம், அதாவது கடவுள், இருக்கிறது என்பது அதன் மையம். யாங்பான் என்ற மேட்டுக்குடி, அதற்குக் கீழே சாமானியர், அடிமைகள், இறைச்சி வெட்டுகிறவர்கள் என்று அடுக்கடுக்காகப் பிரிந்திருந்த சமூகத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வெடிகுண்டு என்று யோசித்துப் பாருங்கள். அரசுக்கும் அது புரிந்தது, 1864-ல் சோய் ஜேவூவுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். இரண்டாம் தலைவர் சோய் ஷிஹ்யோங் பல்லாண்டு காலம் தலைமறைவாக அலைந்து அமைப்பைக் கட்டினார். ஊருக்கு ஊர் கிளைகள், கிளைக்கு ஒரு பொறுப்பாளர். ஜொன் போங்ஜுன் கோபு வட்டாரத்தின் பொறுப்பாளர்.

அவர் எவ்வளவு பக்திமான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. விவசாயிகளைத் திரட்ட அந்த வலைப்பின்னல் பயன்பட்டது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது?

ஓர் அணையில். கோபு வட்டாரத்து அதிகாரி ஜோ பியோங்காப். ஏற்கெனவே நன்றாக இருந்த அணைக்குக் கீழே இன்னொரு அணையைக் கூலி கொடுக்காமல் ஊர்க்காரர்களை வைத்தே கட்டவைத்தார், பெயர் மன்சொக்போ. கட்டி முடித்ததும் அந்தத் தண்ணீருக்கே வரி போட்டார். நல்ல வயலுக்கு இரண்டு மரக்கால் நெல், சுமார் வயலுக்கு ஒரு மரக்கால் என்கிற மாதிரி ஒரு கணக்கு. இது முதல் குற்றச்சாட்டுதான். வசதியானவர்களைப் பிடித்து ‘பெற்றோரை மதிக்கவில்லை’, ‘சொந்தக்காரர்களோடு சண்டை’, ‘சூதாட்டம்’ என்று ஏதாவது ஒரு குற்றம் சாட்டி 20,000 நியாங்குக்கு (அக்காலக் கொரிய நாணயம்) மேல் பிடுங்கினார். பக்கத்து வட்டாரத்தில் அதிகாரியாக இருந்த தன் அப்பாவுக்கு நினைவு மண்டபம் கட்ட என்று 1,000 நியாங். வரி அரிசியை ஜனங்களிடம் முதல் தரமாக வாங்கிக்கொண்டு அரசாங்கத்துக்கு மட்டமான அரிசியைக் கட்டி, வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், பிடிபட்ட பிறகு ஜொன் போங்ஜுன் இதை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார், எழுத்தர் எழுதிவைத்தார்.

1893 நவம்பரில் இருபது பேர் சேர்ந்து ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வட்டமாகப் பெயர்களை எழுதினார்கள், யார் முதல் ஆள் என்று கண்டுபிடிக்க முடியாதபடி. கோட்டையை உடைப்பது, ஜோ பியோங்காப்பின் தலையை எடுப்பது, ஜொன்ஜு நகரைப் பிடிப்பது, அங்கிருந்து நேராகத் தலைநகருக்குப் போவது என்பது திட்டம். இந்தச் சுற்றறிக்கையின் பிரதி ஒன்று 1968-ல்தான் வெளியே வந்தது.

அதிகாரிக்கு நடுவில் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஜனங்கள் தொலைந்தான் என்று நினைத்தார்கள். ஆனால் மேலிடத்தைப் பிடித்து மறுபடி கோபுவுக்கே உத்தரவு வாங்கிவிட்டார். அந்த உத்தரவு வந்த மறுநாள், 1894 பிப்ரவரி நடுவில், மல்மோக் சந்தையில் ஆயிரம் பேர் போல கூடினார்கள். அலுவலகத்தைப் பிடித்தார்கள், ஆயுதக் கிடங்கைத் திறந்தார்கள், அணையை உடைத்தார்கள். ஜோ பியோங்காப் மட்டும் தப்பி ஓடிவிட்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியதுதானே?

முடிந்தேவிட்டது. புதிதாக வந்த அதிகாரி நயமாகப் பேசி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் விசாரிக்க என்று யீ யோங்தே என்பவரை அரசு அனுப்பியது. அவர் விசாரிக்கவில்லை. தோங்ஹாக் ஆட்கள் என்று சொல்லி வீடுகளைக் கொளுத்தினார், கிடைத்தவர்களைப் பிடித்து அடித்தார். ஓர் ஊரின் தகராறு மாகாணத்துக்கே பரவியது இந்த மனிதரின் புண்ணியத்தில்தான்.

வாத்தியாருக்கும் விவசாயிகளுக்கும் போர் செய்யத் தெரியுமா?

ஆரம்பத்தில் எதிரிக்கு இவர்களைவிட மோசமாகத்தான் தெரிந்திருந்தது. பேக்சான் குன்றில் கூடியபோது ‘நின்றால் வெள்ளை மலை, உட்கார்ந்தால் மூங்கில் மலை’ என்று ஒரு பேச்சு பிறந்தது: எழுந்தால் வெள்ளை உடுப்பு தெரியும், உட்கார்ந்தால் மூங்கில் ஈட்டிகள் மட்டும் நீட்டிக்கொண்டு தெரியும். மே 11 அன்று ஹ்வாங்தோஜே மேட்டில் மாகாணப் படையைத் தோற்கடித்தார்கள். அதே மாதக் கடைசியில் ஹ்வாங்னியோங் என்ற இடத்தில், தலைநகரிலிருந்து பீரங்கியோடு வந்த படையை எதிர்கொண்டார்கள். கோழி அடைக்கும் மூங்கில் கூடை போலப் பெரிய உருளைகள் பின்னி, அவற்றை முன்னால் உருட்டிக்கொண்டே பின்னால் பதுங்கிப் போய் பீரங்கியையே பிடுங்கிக்கொண்டார்கள். மே 31-ல் மாகாணத் தலைநகர் ஜொன்ஜு விழுந்தது. அரச குடும்பத்தின் பூர்வீக ஊர் அது, வம்சத்தை நிறுவியவரின் உருவப்படம் வைத்து வணங்கும் கோயில் அங்கே இருக்கிறது. அரண்மனை ஆடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிடித்த நகரத்தை ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?

மன்னர் கோஜோங் பயந்துபோய்ச் சீனாவிடம் படை கேட்டார். சீனா அனுப்பினால் ஜப்பானும் அனுப்பலாம் என்பதற்கு இரண்டு நாடுகளும் செய்துகொண்ட 1885 தியென்ஜின் ஒப்பந்தம் வழிவைத்திருந்தது. சீனப் படை ஆசான் என்ற ஊரில் இறங்கியது, யாரும் கூப்பிடாத ஜப்பான் இஞ்சோனில் இறங்கியது. சொந்த நாட்டில் இரண்டு அந்நியப் படைகள். இவை நிற்பதற்குச் சாக்கு இருக்கக்கூடாது என்றால் உள்ளூர்ச் சண்டை நிற்க வேண்டும். ஜூனில் சமரசம் செய்துகொண்டு வெளியேறினார்கள்.

வெளியேறியதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது, என் கணக்கில், ஜொன்ஜுவைவிடப் பெரியது. ஜொல்லா மாகாணத்தின் வட்டாரங்களில் ‘ஜிப்காங்சோ’ என்ற மக்கள் அலுவலகங்கள் வந்தன. அரசு அதிகாரி பெயருக்கு இருப்பார், வரி முறைகேடு, கடன் வழக்கு, மேட்டுக்குடியின் அடாவடி இதையெல்லாம் விவசாயிகள் நியமித்த ஆட்கள் கவனிப்பார்கள். அடிமைப் பத்திரங்களைப் பல இடங்களில் எரித்தார்கள். சில ஊர்களில் பழைய எஜமானர்களைப் பழிதீர்க்கவும் செய்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கோடைகாலம் மட்டுமே நீடித்த ஏற்பாடு. தொடர்களும் படங்களும் இதை ஏறக்குறைய தாண்டிப் போய்விடுகின்றன, கணக்குப் பார்ப்பதையும் மனு வாங்குவதையும் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு போல.

விதவை மறுமணம், அடிமை முறை ஒழிப்பு, நிலத்தைச் சமமாகப் பகிர்வது என்று 12 அம்சத் திட்டம் ஒன்றை இணையத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அது 1940-ல் வெளிவந்த, இயக்கத்தில் இருந்த ஒருவர் எழுதிய நூலிலிருந்து வருவது. அத்தனை வருடம் கழித்து வந்ததால் ஆய்வாளர்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கிறார்கள், நீங்களும் அப்படியே பாருங்கள்.

மறுபடி ஏன் ஆயுதம் எடுத்தார்கள்?

ஜப்பான் போகவில்லை. ஜூலை 23 அன்று கியோங்போக் அரண்மனைக்குள் புகுந்து மன்னரைத் தன் பிடியில் வைத்தது, அடுத்த சில நாட்களில் சீனாவோடு போர். இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த பிறகு, ஜொன் போங்ஜுன் சம்னியேயில் ஆள் திரட்டினார். வசந்தத்தில் எதிரி ஊழல் அதிகாரி, இப்போது அந்நியப் படை. அதுவரை விலகியிருந்த தோங்ஹாக்கின் வடக்குக் கிளைகளும் சோன் பியோங்ஹி தலைமையில் வந்து சேர்ந்தன.

உகும்சியில் என்ன நடந்தது?

தலைநகருக்குப் போகும் வழியில் கோங்ஜு நகரம், அதன் வாசலில் உகும்சி என்ற கணவாய். 1894 டிசம்பர் தொடக்கம், குளிர். மேலே ஜப்பானியச் சிப்பாய்களும் அவர்கள் கட்டளைக்குக் கீழே நின்ற கொரிய அரசுப் படையும், கையில் நவீனத் துப்பாக்கிகள். கீழே திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கி, மூங்கில் ஈட்டி, தோட்டாவிலிருந்து காக்கும் என்று நம்பிய காகிதத் தாயத்து. திரும்பத் திரும்ப மேலே ஏறினார்கள், திரும்பத் திரும்ப விழுந்தார்கள். ஜொன் போங்ஜுனே பின்னால் சொன்ன கணக்கு இது: முதல் மோதலுக்குப் பிறகு பத்தாயிரம் பேரை எண்ணிப் பார்த்தால் மூவாயிரத்துக்கு மேல் இல்லை, இரண்டாவதுக்குப் பிறகு ஐந்நூறுதான் மிச்சம்.

அப்புறம் நடந்தது வேட்டை. எல்லாரையும் கொன்றுவிடும்படி ஜப்பானிய ராணுவத் தலைமையிடமிருந்து உத்தரவு வந்திருந்தது, தென்கோடித் தீவான ஜிந்தோ வரை துரத்தினார்கள். 1995-ல் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய பெட்டியில் மண்டையோடு ஒன்று கிடைத்தது, ஜிந்தோவில் எடுத்த தோங்ஹாக் தலைவருடையது என்ற குறிப்போடு. 1996-ல் கொரியாவுக்குத் திரும்பி வந்தது, மண்ணுக்குள் போனது 2019-ல், ஜொன்ஜுவில்.

அவரைக் காட்டிக்கொடுத்தது யார்?

கிம் கியோங்சொன், முன்பு அவருக்குக் கீழே இருந்தவர். சுன்சாங் பக்கம் பிரோரி என்ற கிராமத்தில் டிசம்பர் கடைசியில் மாட்டினார். தப்பிக்கப் பார்த்தபோது கால் உடைந்தது.

அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் அப்போது எடுத்ததா?

இல்லை, பிறகு. தூக்குப் பல்லக்கு மாதிரி ஒன்றில் உட்கார்ந்து, தலை மேலே கட்டிய கொண்டையோடு, கேமராவை முறைத்துப் பார்க்கும் படம். 1895 பிப்ரவரியில் சியோலில், ஜப்பானியர் காவலிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது முராகாமி தென்ஷின் என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் எடுத்தார். பல காலம் இது சுன்சாங்கிலிருந்து சியோலுக்கு இழுத்துவரும் வழியில் எடுத்தது என்று நம்பினார்கள், பழைய புத்தகங்களில் இன்னும் அப்படியே இருக்கும். நடக்க முடியாத காலோடு இருக்கிறவரின் முகம் அது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் படம் வேறு மாதிரி தெரியும்.

விசாரணையில் அப்படி என்னதான் சொன்னார்?

ஐந்து முறை விசாரித்தார்கள், ஜப்பானியத் தூதரக அதிகாரியும் கூட உட்கார்ந்து கேள்வி கேட்டார். கேள்வியும் பதிலுமாக எழுதிய ஆவணம் இன்றைக்கும் இருக்கிறது.

அதிகாரி உன்னிடம் என்ன பிடுங்கினார் என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறார். ஊரே பறிகொடுத்தபோது உன்னிடம் மட்டும் எப்படி ஒன்றும் பிடுங்கவில்லை? தன்னிடம் இருப்பது வயலும் காடுமாக மூன்று துண்டு நிலம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலையில் சோறும் ராத்திரி கஞ்சியுமாகப் பிழைக்கிறேன், பிடுங்க என்ன இருக்கிறது என்கிறார். நஷ்டமே இல்லாதவன் ஏன் எழுந்தாய்? தனக்கு வந்த கேட்டுக்காகக் கிளம்புவது ஆண்பிள்ளை செய்கிற காரியமா, ஜனங்கள் புலம்பினார்கள், அவர்களுக்காகச் செய்தேன் என்கிறார்.

அவருடைய அப்பாவே கோபு அதிகாரியை எதிர்த்து அடிபட்டுச் செத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. தொடர் எடுப்பவர்களுக்கு அது லட்டு மாதிரி. ஆனால் அவர் நீதிமன்றத்தில் சொந்தப் பகையைக் காரணமாக வைக்கவில்லை, தந்தைக்காகப் பழிவாங்கிய மகன் என்ற கதையில் அவரை அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. மன்னரின் தகப்பனார் தேவொன்குன்தானே பின்னாலிருந்து தூண்டினார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்த்தார்கள், மறுத்தே வந்தார். அது உண்மையா, ஒரு கிழவரைக் காப்பாற்றினாரா என்ற விவாதம் ஓயவில்லை.

1895 ஏப்ரல் 23-ல் தீர்ப்பு, மறுநாள் அதிகாலையில் தூக்கு. சோன் ஹ்வாஜுங் உட்பட நான்கு தோழர்களும் அதே தீர்ப்பில் போனார்கள்.

மன்னராட்சியையே ஒழிக்க நினைத்தாரா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மன்னரைச் சுற்றியிருந்தவர்களைத்தான் குறிவைத்தார்.

ஜோ பியோங்காப் என்ன ஆனார்?

தீவுக்கு நாடுகடத்தினார்கள், பிறகு மன்னித்தார்கள், பிறகு நீதிபதியாக்கினார்கள். தோங்ஹாக்கின் இரண்டாம் தலைவர் சோய் ஷிஹ்யோங் 1898-ல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றபோது, அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர் இவர். ஆமாம், நிஜமாகவே.

‘நோக்டு ஃப்ளவர்’ தொடர் எவ்வளவு உண்மை?

2019-ல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. கதாநாயகர்களான பேக் சகோதரர்கள் கற்பனை: அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து போராளியாகும் அண்ணன், ஜப்பானில் படித்துவிட்டு வரும் தம்பி. ஜொன் போங்ஜுனாக வருபவர் சோய் மூசங். ‘ரிப்ளை 1988’-ல் வாய் திறந்து பேசவே யோசிக்கும் தேக்கின் அப்பா ஞாபகமிருக்கிறதா, அவரேதான். ‘மிஸ்டர் சன்ஷைன்’-ல் வேட்டைக்காரத் துப்பாக்கி ஆசானும் அவரே. உருவத்தில் பச்சைப்பயறு கிடையாது, ஆனால் அந்த அடங்கிய குரல் நன்றாகப் பொருந்தியது.

வரலாற்று நாயகரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இரண்டு சாதாரண ஆட்களை நடுவில் வைத்தது சரியான முடிவு என்பேன், புரட்சி எப்படி ஒரே வீட்டைப் பிளக்கிறது என்று காட்ட அது உதவுகிறது. காதல் பகுதியை வேகமாகத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் குற்றமில்லை.

நீலப் பறவைப் பாட்டு இவரைப் பற்றியதா?

‘பறவையே, நீலப் பறவையே, பயற்றங்கொல்லையில் உட்காராதே, பயற்றம்பூ உதிர்ந்தால் கூழ் விற்பவர் அழுதுகொண்டு போவார்’ என்ற பாட்டு. கொரியாவில் தாலாட்டாகவே பாடுவார்கள். பயறு ஜொன் போங்ஜுன், நீலப் பறவை நீலச் சீருடை ஜப்பானியச் சிப்பாய், பயற்று மாவை உறையவைத்து விற்கும் கூழ்க்காரர் ஏழை ஜனம் என்பது வழக்கமான விளக்கம். நாட்டுப்பாடல், ஊருக்கு ஊர் வரி மாறும், விளக்கமும் மாறும்.

ஹோங் கில்தோங்கும் இவரும் ஒன்றா?

கிடையாது. அந்தப் பெயரில் 1500 வாக்கில் பிடிபட்ட ஒரு கொள்ளைக்காரர் நிஜத்தில் இருந்தார், ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஹோங் கில்தோங் பழைய நாவலின் நாயகன். 1562-ல் கொல்லப்பட்ட இம் கொக்ஜோங் நிஜமான கொள்ளைத் தலைவர். கொரியர்கள் இவர்களை ஒரே மூச்சில் சொன்னாலும், கோரிக்கைப் பட்டியலும் நிர்வாகமும் ஜொன் போங்ஜுனிடம்தான்.

இது கலகமா, புரட்சியா?

நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் ‘தோங்ஹாக் கலகம்’. 1963-லேயே ஹ்வாங்தோஜேயில் ‘புரட்சி’ என்று எழுதிய நினைவுத்தூண் நின்றது, அதைத் திறந்துவைத்தது ராணுவப் புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த பார்க் சங்ஹீ என்பதால் அந்தச் சொல் அவருக்கும் வசதியாக இருந்தது. பங்கேற்றவர்களின் மரியாதையை மீட்கும் தனிச்சட்டம் 2004-ல்தான் வந்தது. மே 11 தேசிய நினைவு நாளானது 2019-ல். 2023-ல் இதன் ஆவணங்கள் 185-ஐ யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

சிலைக்கும் ஒரு கதை உண்டு. ஹ்வாங்தோஜேயில் 1987-ல் வைத்த சிலையைச் செய்தவர் ஜப்பானியருக்கு ஒத்துழைத்தவர்கள் பட்டியலில் இருந்த சிற்பி. பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2021-ல் அகற்றினார்கள். இப்போது அங்கே ஜொன் போங்ஜுன் ஒரு கூட்டத்தோடு நடந்து வருகிறார், பீடத்தின் மேல் தனியாக நிற்கவில்லை.

டிராக்டரில் இவர் பெயர் ஏன்?

2016-ல் அதிபர் பார்க் குன்ஹேக்கு எதிரான போராட்டத்தில் விவசாயிகள் ‘ஜொன் போங்ஜுன் படை’ என்று பெயர் வைத்து டிராக்டர்களில் சியோலை நோக்கிப் புறப்பட்டார்கள். 2024 டிசம்பரில், அதிபர் யூன் சொக்யோல் ராணுவச் சட்டம் அறிவித்துப் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆளான பிறகு, மறுபடி அதே பெயரில் கிளம்பினார்கள். 21-ம் தேதி சியோலின் தெற்கு வாசலான நம்தேரியோங் மேட்டில் போலீஸ் பேருந்துகளை நிறுத்தி மறித்தது. செய்தி இணையத்தில் பரவ, இளைஞர்கள், அதிலும் இளம்பெண்கள், கே-பாப் கச்சேரிக்குக் கொண்டுபோகும் விளக்குக் குச்சிகளோடு வந்து கடுங்குளிரில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 28 மணி நேரம் கழித்து வழி திறந்தது, சில டிராக்டர்கள் அப்போது அதிபர் இல்லம் இருந்த பகுதி வரை போயின. உகும்சியைத் தாண்ட 130 வருஷம் ஆயிற்று என்று அப்போது பலரும் எழுதினார்கள்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

சியோலில் மட்டும் இருப்பவர்கள் ஜோங்காக் சுரங்க ரயில் நிலையத்துக்குப் போங்கள். பழைய சிறை இருந்த இடத்தில், ஜனங்கள் காசு போட்டு 2018 ஏப்ரல் 24-ல் திறந்த சிலை, புகைப்படத்தில் இருப்பது போலவே உட்கார்ந்த நிலையில். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் யோங்சானிலிருந்து அதிவேக ரயிலில் ஜொங்குப். ஹ்வாங்தோஜே நினைவுப் பூங்கா, அவர் குடியிருந்த கூரை வீடு, உடைத்த அணை இருந்த இடம் எல்லாம் அந்த நகராட்சி எல்லைக்குள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பதால் டாக்சி பேசிக்கொள்வது நல்லது. அணை இருந்த இடத்தில் ஒரு கல்லும் வயல்வெளியும்தான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உகும்சி வேறு திசை, கோங்ஜுவில். இரண்டையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள்.